படத்தில் இல்லாதவர்கள்: யோசெமிட்டி பள்ளத்தாக்கின் கதை

2014-ஆம் ஆண்டு கடைசியில் எங்கள் அலுவலகத்தில் இருந்த மேக் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே மலை வந்து உட்கார்ந்தது. ஆப்பிள் அந்த வருஷம் வெளியிட்ட இயங்குதளத்துக்கு யோசெமிட்டி என்று பெயர். திரையைத் திறந்தால் ஹாஃப் டோம், கத்தியால் பாதியாக வெட்டி வைத்த உருண்டை மாதிரி ஒரு பாறை. அடுத்த வருஷம் வந்த இயங்குதளத்துக்கு எல் கேப்பிட்டன் என்று பெயர். அதுவும் அதே பள்ளத்தாக்கில் நிற்கிற பாறைதான். தினமும் பத்து மணி நேரம் அந்த மலையின் முகத்தில் விழித்திருக்கிறேன். ஆனால் படத்தில் ஏன் ஒரு ஆள்கூட இல்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

சில வருஷம் கழித்து வேலை விஷயமாகக் கலிஃபோர்னியா போனபோது ஒரு சனிக்கிழமை யோசெமிட்டிக்கும் போனேன். டன்னல் வியூ என்று ஒரு இடம். சுரங்கச் சாலையிலிருந்து வெளியே வந்ததும் பள்ளத்தாக்கு மொத்தமும் கண்முன்னே விரியும். இடது பக்கம் எல் கேப்பிட்டன், நடுவில் தூரத்தில் ஹாஃப் டோம், வலது பக்கம் அருவி. நான் போனபோது அங்கே திருவிழாக் கூட்டம். யார் தலையும் விழாமல் ஒரு படம் எடுக்க இருபது நிமிஷம் காத்திருந்தேன். அந்தப் படம் இன்று எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "எவ்வளவு அமைதியான இடம்!" என்பார்கள். அமைதியா? என் முதுகுக்குப் பின்னால் மூன்று டூர் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன.

இந்தப் பதிவுக்கு விதை அந்தப் படம். எழுத உட்கார வைத்தது வேறொன்று: அமெரிக்க தேசியப் பூங்காக்களில் நடக்கிற ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி. ஓவியர், புகைப்படக்காரர், எழுத்தாளர், இசைக்காரர் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பூங்காவுக்குள்ளேயே ஒரு வீடு கொடுத்து, சில வாரங்கள் தங்கி வேலை செய்யச் சொல்வார்கள். கொலராடோவில் இருக்கும் ராக்கி மவுன்டன் பூங்காவில் இது 1984 முதல் நடக்கிறது. வில்லியம் ஆலன் வைட் என்ற பத்திரிகை ஆசிரியர் கோடைக்காலம் கழித்த பழைய மரவீட்டில் கலைஞர்கள் இரண்டு வாரம் தங்கலாம். பதிலுக்குப் பொதுமக்களிடம் பேச வேண்டும், ஒரு படைப்பைப் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கறாரான ஆனால் நியாயமான ஒப்பந்தம்.

இப்போதெல்லாம் இந்த மாதிரி அழைப்புகளில், சூழலியலையும் பண்பாட்டு வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கிற கலைஞர்கள் வேண்டும் என்று கேட்கிறார்கள். முதலில் எனக்கு இது புரியவில்லை. காட்டில் சூழலியல் இருக்கும், சரி. பண்பாட்டு வரலாறு எங்கிருந்து வரும்? காடு என்றாலே ஆள் இல்லாத இடம்தானே?

அப்படி நினைக்க எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தேடிப் போனேன். தேடல் மறுபடியும் அந்த டன்னல் வியூவிலேயே கொண்டுவந்து விட்டது.

ஏற்கெனவே பெயர் உள்ள ஏரி

யோசெமிட்டி பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள் அந்த இடத்தை அவானி என்று அழைத்தார்கள். வாயைத் திறந்து வைத்தது போன்ற இடம் என்று பொருள் சொல்கிறார்கள். அவர்கள் அவாநீச்சி மக்கள். தெற்கு சியரா மிவோக் இனத்தாரும், மலைக்கு அந்தப் பக்கம் மோனோ ஏரிக்கரையில் இருந்த பையூட் இனத்தாரும் கலந்த கூட்டம். யோசெமிட்டி என்பது அக்கம்பக்கத்து மிவோக்குகள் இவர்களைப் பயத்தோடு குறிப்பிட்ட சொல். 'கொல்கிறவர்கள்' என்பது போல ஒரு அர்த்தம். இந்த விவரம் தெரிந்திருந்தால் இயங்குதளத்துக்கு அந்தப் பெயரை வைத்திருப்பார்களா என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

1848-இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். மலையடிவாரத்தில் மோதல்கள் தொடங்கின. பழங்குடிகளைப் பிடித்துச் சமவெளிக்குக் கொண்டுவர மரிப்போசா பட்டாளம் என்ற தன்னார்வப் படையை மாநில அரசு திரட்டியது. அந்தப் படை 1851 மார்ச் 27 அன்று பள்ளத்தாக்கிற்குள் நுழைந்தது. குடிசைகளையும், குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த உணவையும் எரித்தார்கள். மே மாதம் மறுபடி வந்தபோது தலைவர் தெனாயாவின் மூன்று மகன்களைப் பிடித்தார்கள். அதில் ஒருவனைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் பிடிபட்ட இடத்துக்கு மேலே நிற்கிற மூன்று சிகரங்களுக்கு 'மூன்று சகோதரர்கள்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அது ஒரு பிரபலமான படப்பிடிப்பு இடம்.

அந்தப் படையில் லஃபாயெட் பன்னெல் என்று ஒருவர் இருந்தார். மக்களைத் துரத்திக்கொண்டு போன வழியில் அவர்கள் ஒரு அழகான ஏரியைப் பார்த்தார்கள். அதற்கு உன் பெயரையே வைக்கிறோம் என்று பன்னெல் தெனாயாவிடம் பெருமையாகச் சொன்னார். கிழவர் மகிழவில்லை. அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே, பைவியாக் என்று சொன்னார். மின்னும் பாறைகள் உள்ள இடம் என்று பொருள். பன்னெலே பிற்பாடு தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். வரைபடத்தில் இன்று இருப்பது தெனாயா ஏரிதான்.

முதல் விருந்தாளிகள்

நாலே வருஷத்தில் சுற்றுலா வந்துவிட்டது. 1855 கோடையில் ஜேம்ஸ் ஹட்சிங்ஸ் என்ற பதிப்பாளர், தாமஸ் ஏயர்ஸ் என்ற ஓவியரைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்க்கக் கிளம்பினார். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கே வழி சரியாக நினைவில்லை. கடைசியில் வழி காட்டியவர்கள் இரண்டு பழங்குடி ஆட்கள். யோசெமிட்டியின் முதல் ஓவியங்களாக இன்று நமக்குத் தெரிபவை அந்தப் பயணத்தில் ஏயர்ஸ் வரைந்தவை. அந்த வருஷமே அவர் வரைந்த அருவிப் படம் கல்லச்சாக வெளியாகி விற்பனைக்கு வந்தது.

அடுத்து 1861. கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற சான் பிரான்சிஸ்கோ புகைப்படக்காரர் ஒரு அசாத்தியமான காரியம் செய்தார். 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் கண்ணாடித் தகடு போடக்கூடிய பிரம்மாண்டமான கேமரா ஒன்றைச் செய்யச் சொல்லி, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார். அப்போது பெரிதாக்கிப் பிரதி எடுக்கும் வசதி நடைமுறையில் இல்லை. பெரிய படம் வேண்டுமென்றால் தகடும் அதே அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அந்தத் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே அங்கேயே கூடாரத்துக்குள் இருட்டில் கழுவியாக வேண்டும். ஒரு தகடு தவறினால் அரை நாள் உழைப்பு போச்சு.

அவர் படங்கள் 1862-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தன. உள்நாட்டுப் போரில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்த நேரம். கிழக்குக் கரையில் இருந்தவர்கள் அந்தப் படங்களின் முன்னால் வாயடைத்து நின்றார்கள். 1863-இல் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் என்ற ஓவியர் நேரிலேயே கிளம்பிவந்து, பள்ளத்தாக்கைப் பொன்னொளியில் தோய்த்துப் பெரிய பெரிய திரைச்சீலைகளில் வரைந்தார். 1864 ஜூன் 30 அன்று ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யோசெமிட்டி பள்ளத்தாக்கும், மரிப்போசா தோப்பில் இருந்த ராட்சத செக்வோயா மரங்களும் பொதுமக்களின் பயனுக்காக, எக்காலத்துக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கலிஃபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. சட்டத்தைக் கொண்டுவந்தவர் செனட்டர் ஜான் கானஸ். அது நிறைவேற வாட்கின்ஸின் படங்களும் உதவின என்று சொல்வார்கள். சுற்றியுள்ள மலைப்பகுதி 1890-இல் தேசியப் பூங்கா ஆனது.

ஒரு படம் ஒரு நிலத்தைக் காப்பாற்றியது. இது உண்மையிலேயே பெரிய சாதனை. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் பள்ளத்தாக்கு முழுக்க மர ஆலைகளும் தனியார் பண்ணைகளுமாக ஆகியிருக்கலாம்.

ஆனால் வாட்கின்ஸின் புகழ்பெற்ற படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பாறை, அருவி, கண்ணாடி போல நிற்கிற தண்ணீர், விசாலமான புல்வெளி, ஆங்காங்கே ஓக் மரங்கள். மனிதர்கள் அநேகமாக இல்லை. அவர் வேண்டுமென்றே விலக்கினார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தகட்டுக்கு நீண்ட நேரம் ஒளி வேண்டும், நடமாடுகிற ஆள் பதிய மாட்டார். அதோடு, பார்ப்பவர்கள் எதிர்பார்த்ததும் மனிதக் கை படாத சொர்க்கத்தைத்தான். ஆனால் அவாநீச்சிகள் பலர் அதற்குள் திரும்பி வந்திருந்தார்கள். 1872-இல் எட்வர்ட் மைப்ரிட்ஜ் அதே பள்ளத்தாக்கில் அவர்களையும் அவர்களுடைய குடில்களையும் படம் எடுத்திருக்கிறார். அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஹாலில் மாட்டுகிற படத்தில்தான் இல்லை.

அந்தப் புல்வெளி யாருடையது?

இங்கேதான் சூழலியல் உள்ளே வருகிறது. வாட்கின்ஸின் படத்தில் பார்க்கிற அந்த விசாலமான புல்வெளியும் ஓக் தோப்பும் தானாக வந்தவை அல்ல. அவை பயிரிட்டது போல வளர்க்கப்பட்டவை. கருவி ஏர் இல்லை, தீ.

பள்ளத்தாக்கு மக்களின் முக்கிய உணவு கருப்பு ஓக் மரத்தின் கொட்டை. இலையுதிர் காலத்தில் பொறுக்கி, பரண் போன்ற குதிர்களில் சேமித்து, வேண்டும்போது உடைத்து, பாறையிலேயே குழிந்திருக்கும் உரல்களில் இடித்து மாவாக்குவார்கள். அந்த மாவில் துவர்ப்பு அதிகம், அப்படியே சாப்பிட முடியாது. மணலில் குழி செய்து அதில் மாவைப் பரப்பி, துவர்ப்பு போகும்வரை தண்ணீரை ஊற்றி ஊற்றி வடிப்பார்கள். அப்புறம் கூடையில் தண்ணீரோடு போட்டு, சூடான கற்களை உள்ளே இட்டுக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். ஆமாம், கூடையில்தான். தண்ணீர் சொட்டாத அளவுக்கு நெருக்கமாக முடைந்த கூடை.

இந்த வாழ்க்கை முழுவதற்கும் தீ தேவைப்பட்டது. மரத்தடியில் மெல்லிய தீ ஓடினால் சருகும் புதரும் போய்விடும், விழுகிற கொட்டை கண்ணில் படும். போன வருஷக் கொட்டைகளில் இருக்கும் புழுக்கள் அழியும். ஓக்கை மறைத்து வளரும் ஊசியிலை மரக் கன்றுகள் கருகும். புல் தளிர்க்கும், மான் வரும். எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது கூடை விஷயம். எரிந்த புதரிலிருந்து அடுத்த பருவத்தில் வரும் புதுக் கிளைகள் நீளமாக, நேராக, பக்கக்கிளை இல்லாமல் வளரும். நல்ல கூடைக்கு அந்த மாதிரிக் குச்சிதான் வேண்டும். எரிக்காத பழைய புதரில் கிடைப்பது கோணல் மாணலாக, சட்டென்று ஒடிகிற குச்சி. ஆகவே கூடை முடைகிற பெண் ஒரு வருஷம் முன்பே தன் வேலையைத் தீயிலிருந்து தொடங்கிவிடுகிறாள்.

பள்ளத்தாக்கு இப்படி எரித்துத் திறந்தவெளியாக வைக்கப்பட்டிருந்ததை, துரத்தப் போன பன்னெலே எழுதியிருக்கிறார். கலிஃபோர்னியா மாநிலமோ 1850-இலேயே பழங்குடிகள் பற்றிய ஒரு சட்டத்தில் புல்வெளிக்குத் தீ வைப்பதைக் குற்றமாக்கிவிட்டது. சட்டத்தின் பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல்லும் இருந்தது என்பது தனிக் கொடுமை. மக்களை விரட்டியதோடு தீயும் மெல்ல மெல்ல நின்றது.

எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடக்கும். ஏதோ ஒரு பழைய சர்வரில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கிரான் ஜாப் ஓடிக்கொண்டிருக்கும். எதற்கென்று யாருக்கும் தெரியாது, எழுதி வைத்த ஆவணமும் கிடையாது. புதிதாக வந்தவர் தேவையில்லாத சுமை என்று நிறுத்திவிடுவார். மறுநாள் எல்லாம் நன்றாகவே ஓடும். அவர் தன்னைத் தானே தட்டிக் கொடுத்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்து டிஸ்க் நிரம்பி மொத்தமும் நின்றுபோகும். அப்போதுதான் தெரியும், அந்த ஜாப் தினமும் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தது என்று.

யோசெமிட்டியிலும் டிஸ்க் நிரம்பியது. கேலன் கிளார்க் 1855-இல் முதன்முதலாக அங்கே வந்தவர், பிறகு பள்ளத்தாக்கின் அதிகாரபூர்வக் காப்பாளராகப் பல வருஷம் இருந்தவர். 1894-இல் அவர் எழுதியதன் சாரம் இது: நான் முதலில் வந்தபோது ஆற்றின் ஒரு கரையிலிருந்து எதிர்ப்பக்கப் பாறைச் சுவரின் அடிவாரம் வரை பார்வையை மறைக்க இளமரங்களே இல்லை. திறந்த புல்வெளி இன்று இருப்பதைப் போல நாலு மடங்காவது இருந்தது. அதாவது நாற்பது வருஷத்துக்குள் முக்கால் பங்கு காணாமல் போயிருந்தது.

தீயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1879-இல் எல் கேப்பிட்டன் அருகே பழைய பனிப்பாறை விட்டுச் சென்ற கல்மேட்டை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆற்றின் மட்டம் இறங்கியது, ஈரப் புல்வெளிகள் காய்ந்தன, மரங்கள் ஏற இன்னும் வசதியானது. வெடி வைத்தவரும் கேலன் கிளார்க்தான். தேங்கிய தண்ணீரை வடித்து நிலத்தைச் சீர்செய்வதாக நினைத்துச் செய்தார்.

78 வருஷம் கழித்து வந்தவர்

1929 கோடையில் ஒரு மூதாட்டி பள்ளத்தாக்கிற்கு வந்தார். பெயர் டொடூயா, மரியா லெப்ராடோ என்றும் சொல்வார்கள். தெனாயாவின் பேத்தி. 1851-இல் துரத்தப்பட்டபோது சிறுமியாக இருந்தவர். அந்தக் கூட்டத்தில் உயிரோடு மிச்சமிருந்த கடைசி ஆள் அவர்தான் என்று அன்று நம்பினார்கள்.

அப்போது பள்ளத்தாக்கு நாடறிந்த சுற்றுலாத் தலம். இரண்டு வருஷம் முன்புதான் அவானி என்ற பெயரிலேயே ஒரு ஆடம்பர ஓட்டல் திறந்திருந்தார்கள். ஊரே மெச்சும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு மூதாட்டி தலையை ஆட்டினார். அழுக்காக இருக்கிறது, ஒரே புதராகிவிட்டது என்றார்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. நமக்கெல்லாம் 'மனிதக் கை படாத இயற்கை'யாகத் தெரிந்தது, அந்த வீட்டுக்காரிக்கு 78 வருஷமாகக் கூட்டிப் பெருக்காத வீடாகத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்காரர்களுக்குப் பூங்காவில் என்ன இடம் கிடைத்தது? 1916 முதல் 1929 வரை கோடையில் 'இந்தியர் திருவிழா' என்று ஒன்று நடத்தினார்கள். அதில் உள்ளூர்ப் பழங்குடிகள், பல நூறு மைல் தள்ளியிருக்கும் சமவெளிப் பழங்குடிகளின் இறகுத் தலைப்பாகையும் தோலாடையும் அணிந்து, அவர்களுடைய கூம்புக் கூடாரங்களின் முன்னால் நிற்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் மனதில் இருந்த 'இந்தியர்' அப்படித்தான் இருந்தார். தங்கள் சொந்த ஊரிலேயே வேறு யாரோவாக வேஷம் கட்டினால்தான் அவர்களுக்குப் படத்தில் இடம்.

அதே காலத்தில் ஒரு பெண் அங்கே உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார். லூசி டெல்லெஸ். மோனோ ஏரிப் பையூட்டும் தெற்கு சியரா மிவோக்கும் கலந்த குடும்பம். நாலு வருஷம் உழைத்து 1933-இல் அவர் முடித்த ஒரு கூடை சுமார் மூன்றடி விட்டம் கொண்டது. அந்தப் பகுதியில் அதைவிடப் பெரிய கூடை எதுவும் கண்டதில்லை என்கிறார்கள். 1939-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. டன்னல் வியூ திறக்கப்பட்டதும் அதே 1933-இல்தான். இரண்டில் எதற்குக் கூட்டம் கூடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்னாளில் லூசியின் பேரனை மணந்து அந்த வீட்டுக்கு வந்த ஜூலியா பார்க்கர், 1960 முதல் பல பத்தாண்டுகள் யோசெமிட்டி அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் முன்னால் கூடை முடைந்து காட்டினார், ஓக் கொட்டையை இடித்துக் காட்டினார். 1983-இல் எலிசபெத் ராணி வந்தபோது அவருக்குப் பரிசாகப் போனது ஜூலியா முடைந்த கூடை. அழைப்பு, விண்ணப்பம், தேர்வுக்குழு எதுவும் இல்லாமல் ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சியை வாழ்நாள் முழுக்கச் செய்தவர்கள் இந்தப் பெண்கள்.

அவர்கள் குடியிருந்த கதை மட்டும் சந்தோஷமானதல்ல. 1930-களில் பழைய குடியிருப்பை அகற்றி, சில சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்து வாடகை வாங்கினார்கள். பூங்காவில் வேலை இருக்கும்வரைதான் வீடு என்று பிறகு விதி வந்தது. ஆட்கள் குறையக் குறைய வீடுகளை இடித்தார்கள். மிச்சமிருந்தவை 1969-இல் தீயணைப்பு வீரர்களின் பயிற்சிக்காக எரிக்கப்பட்டன. தீ வைக்கக் கூடாது என்று யாரைத் தடுத்தார்களோ, அவர்கள் வீட்டுக்கே.

பெரிய கேமராக்காரர்கள்

நமக்குத் தெரிந்த யோசெமிட்டியை உலகத்தின் மனதில் பதித்தவர் ஆன்சல் ஆடம்ஸ். 1916-இல் 14 வயதுப் பையனாகக் கையில் கோடக் பிரவுனி கேமராவோடு வந்தவர். பள்ளத்தாக்கிலேயே ஓவியக் கடை வைத்திருந்தவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர். மேகம் விலகும் குளிர்காலப் புயலை அவர் எடுத்த புகழ்பெற்ற படம், நான் இருபது நிமிஷம் காத்திருந்த அதே இடத்தை ஒட்டி எடுத்ததுதான். அதிலும் சாலை இல்லை, கார் இல்லை, ஆள் இல்லை. அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அந்தப் படங்கள் லட்சக்கணக்கானவர்களுக்கு மலையின் மேல் பிரியத்தை உண்டாக்கியவை.

1927 கோடையில் இன்னொருவர் அங்கே ஆறு வாரம் தங்கினார். சியுரா ஒபாடா, ஜப்பானிலிருந்து வந்து சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய ஓவியர். தினமும் நடந்து, மையாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்து தள்ளினார். பிறகு ஜப்பான் போய், அவற்றில் பலவற்றை மர அச்சுப் படங்களாக்கினார். சில படங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தடவை அச்சுக் கட்டை வைத்து எடுக்க வேண்டியிருந்தது. பெர்க்லியில் பேராசிரியரும் ஆனார். 1942-இல் போரைக் காரணம் காட்டி மேற்குக் கரை ஜப்பானியர்களை முகாம்களில் அடைத்தபோது, இந்த மலைகளை அவ்வளவு நேசித்து வரைந்த ஒபாடாவும் குடும்பத்தோடு யூட்டா பாலைவனத்து முகாமுக்குப் போனார். போன இடத்திலும் ஓவியப் பள்ளி நடத்தினார். ஒரு நிலத்தின் அழகைக் காட்டியவரையே அதன் படத்திலிருந்து எடுத்துவிட முடியும் என்பதற்கு இரண்டாவது சாட்சி.

மறுபடியும் தீ

1963-இல் ஸ்டார்க்கர் லியோபோல்ட் என்ற விலங்கியல் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு அரசுக்கு அறிக்கை கொடுத்தது. தேசியப் பூங்காக்கள், வெள்ளையர்கள் முதலில் வந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும்படி பராமரிக்கப்பட வேண்டும், அதற்குத் தீயையும் பயன்படுத்தலாம் என்றது அந்த அறிக்கை. செக்வோயா தோப்புகளில் இளங்கன்றுகளே முளைப்பதில்லை என்பதும் அப்போது தெரிய வந்திருந்தது. அந்த மரத்தின் காய்கள் வெடித்து விதை கொட்டவும், விதை முளைக்கச் சருகில்லாத வெறும் மண் கிடைக்கவும் தீ வேண்டும். 1970-இல் யோசெமிட்டியில் திட்டமிட்டுத் தீ வைக்கும் வேலை தொடங்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய புகைப்படங்கள் எடுத்த இடங்களிலேயே போய் நின்று மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் புல்வெளி இருந்த இடத்தில் மரச் சுவர் நின்றது. 2010-களில் பிரபலமான காட்சி முனைகளை மறைத்த மரங்களைப் பூங்கா நிர்வாகமே திட்டம் போட்டு வெட்டியது. மனிதர்களை எடுத்துவிட்டுக் காட்சியைக் காப்பாற்றப் பார்த்தார்கள், கடைசியில் காட்சியே மறைந்துவிட்டது.

2022 ஜூலையில் வாஷ்பர்ன் காட்டுத்தீ மரிப்போசா தோப்புக்குள் புகுந்தது. லிங்கன் காப்பாற்றிய அதே மரங்கள். தோப்பு பிழைத்தது. அரை நூற்றாண்டாக அங்கே சின்னச் சின்னத் தீ வைத்து எரிபொருளைக் குறைத்திருந்தது அதற்கு முக்கியக் காரணம் என்றார்கள். பள்ளத்தாக்கில் பழைய குடியிருப்பு இருந்த இடத்தில் வஹோகா என்ற கிராமத்தை மறுபடி எழுப்பிப் பயன்படுத்த, 2018-இல் பழங்குடிகளுக்கும் பூங்காவுக்கும் ஒப்பந்தம் ஆனது. இன்று யோசெமிட்டியோடு பாரம்பரியத் தொடர்புள்ளவை என்று பூங்காவே ஏற்றுக்கொண்ட பழங்குடிகள் ஏழு.

கலைஞர்களும் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். மார்க் கிளெட், பைரன் வுல்ஃப் என்ற இரண்டு புகைப்படக்காரர்களும் எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட்டும் சேர்ந்து வாட்கின்ஸ், மைப்ரிட்ஜ், ஆடம்ஸ் நின்ற இடங்களைத் தேடிப் பிடித்து, அங்கேயே நின்று மறுபடி படம் எடுத்தார்கள். பழைய படத்தைப் புதிய அகலப் படத்துக்குள் பொருத்திக் காட்டினார்கள். அது 2005-இல் புத்தகமாக வந்தது. பழைய சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று அப்போதுதான் தெரிகிறது.

ரெசிடென்சி அழைப்புகளில் சூழலியலையும் பண்பாட்டு வரலாற்றையும் ஏன் ஒரே மூச்சில் கேட்கிறார்கள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. யோசெமிட்டியில் அவை ஒரே விஷயம். ஒரு கூடையைச் சரியாக வரைய வேண்டுமென்றால் தீயை வரைய வேண்டும். புல்வெளியைச் சரியாக வரைய வேண்டுமென்றால் அதைக் கூட்டிப் பெருக்கியவர்களை வரைய வேண்டும். முதல் கலைஞர்கள் பள்ளத்தாக்கைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் பாதிப் படத்தோடு. மிச்சப் பாதியை முடிக்கிற வேலை இப்போது வருகிறவர்களுக்கு இருக்கிறது.

எனக்கு வரைய வராது. கூடை முடையவும் வராது. ஹாலில் இருக்கிற படத்தைக் கழற்றவும் இல்லை, நல்ல படம்தான். யாராவது வந்து "எவ்வளவு அமைதியான இடம்!" என்றால் டொடூயா பாட்டியின் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறேன். வீட்டில் இருப்பவர்கள் மெதுவாக எழுந்து உள்ளே போய்விடுவார்கள், அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்த முறை டன்னல் வியூ போனால் மறுபடியும் படம் எடுப்பேன். ஆட்கள் விலகட்டும் என்று மட்டும் காத்திருக்க மாட்டேன்.